எந்த அலமாரியில் வைப்பது?

சென்ற தவக்காலத்தில் எங்கள் பங்கு நூலகத்தை ஒழுங்குபடுத்தினோம். நூலகம் என்பது பெரிய சொல். பழைய மறைக்கல்வி அறையில் நிற்கும் ஆறு இரும்பு அலமாரிகளே அது. விவிலிய விளக்கங்களுக்கு ஒன்று, புனிதர் வரலாறுகளுக்கும் ஆன்மீக நூல்களுக்கும் ஒன்று, இலக்கியத்திற்கு ஒன்று, சமூகத்திற்கு ஒன்று, மீதி இரண்டும் பிள்ளைகளின் போட்டித் தேர்வு நூல்களுக்கு. இளையோர் இயக்கத்துப் பெண் ஒருத்தி அட்டை கசங்கிய ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு, “சாமி, இது எதுல வரும்?” என்று கேட்டாள். பாமாவின் ‘கருக்கு’. நாவல்தானே, இலக்கியத்தில் வை என்றான் ஒருவன். நாவல் இல்லை, தன்வரலாறு என்றான் இன்னொருவன். வேலை முடியவேண்டுமே என்ற அவசரத்தில், “சமூகத்தில் வை அம்மா” என்று சொல்லிவிட்டேன். இடஒதுக்கீடு பற்றிய ஒரு கையேட்டுக்கும் மதுவிலக்கு பற்றிய ஒரு சிறு நூலுக்கும் நடுவே அது போய் அமர்ந்தது.

அன்றிரவு அந்த முடிவு என்னை உறுத்தியது. அது தவறான இடம் என்று இப்போது உறுதியாகக் கருதுகிறேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

‘கருக்கு’ 1992இல் மதுரையிலிருந்து வெளிவந்தது. ஆசிரியர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1958இல் பிறந்தவர், தலித் குடும்பம், கத்தோலிக்கக் குடும்பம். ஆசிரியப் பணி செய்து, பின் ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கும் ஆவலில் ஒரு துறவற சபையில் சேர்ந்து, ஏழு ஆண்டுகளுக்குப் பின் அதைவிட்டு வெளியேறியவர். வெளியேறிய அந்தத் தத்தளிப்பில் எழுதப்பட்டதே இந்நூல். தொடர்ந்து 1994இல் ‘சங்கதி’, 1996இல் ‘கிசும்புக்காரன்’, 2002இல் ‘வன்மம்’ ஆகியவை வந்தன. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் செய்த ‘கருக்கு’ ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வெளிவந்து கிராஸ்வேர்ட் பரிசையும் பெற்றது. பல்கலைக்கழகங்கள் அதைப் பாடமாக வைத்தன, ஆய்வேடுகள் குவிந்தன. ஆகவே தமிழிலக்கிய வரலாற்றில் இந்த எழுத்தாளருக்கு இடம் உண்டா என்ற கேள்வி இன்று இல்லை. இடம் கிடைக்காத வீடு ஒன்றே ஒன்று. அது நம் வீடு.

நம்மவரின் இலக்கியத் தொண்டைப் பற்றி மேடையில் பேச அழைத்தால் நாம் என்ன சொல்கிறோம்? வீரமாமுனிவரின் தேம்பாவணி, மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரம், அதற்கும் முன்பே பெண்கல்வியை வலியுறுத்தி அவர் இயற்றிய பெண்மதி மாலை. இவற்றைச் சொல்வதில் எனக்கும் பெருமைதான். ஆனால் பெண்கள் படிக்க வேண்டும் என்று ஓர் ஆண் எழுதியதைக் கொண்டாடுகிற நாம், நம் பள்ளிகளிலேயே படித்த ஒரு பெண் எழுதியதைக் கண்டால் பேச்சை மாற்றிவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். நூல் வெளிவந்த காலத்தில் நான் குருமடத்தில் மெய்யியல் மாணவன். செய்தித்தாளில் உறையிட்ட ஒரு பிரதி கைமாறிக் கைமாறி என்னிடம் ஓர் இரவு தங்கியது. வகுப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை; எழுப்ப எங்களுக்கும் துணிவில்லை. நான் அதை எப்படிப் படித்தேன் என்பதை இன்று நினைக்க வெட்கமாக இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் பதில் தேடிக்கொண்டே படித்தேன். இது மிகை, இது ஒருதலைப்பட்சம், இதற்கு இன்ன விளக்கம் தரலாம் என்று, மறைவிளக்கத் தேர்வுக்குக் குறிப்பெடுப்பவனைப் போலப் படித்தேன். யோபுவின் நண்பர்கள் செய்தது இதுதான். அவர்களும் கடவுளுக்காக வாதாடியவர்கள். நூலின் முடிவிலோ கடவுள் அவர்கள் மேல் சினம்கொண்டு, தம்மைப்பற்றிச் சரியாகப் பேசியவன் முறையிட்டுக்கொண்டே இருந்த யோபுதான் என்கிறார். முறையீடு நிறைந்த ஒரு நூல் திருமறை நூல் வரிசையிலேயே இருக்கிறது என்பது அன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இந்நூலைத் தள்ளிவைக்க நம்மவர் சொல்லும் காரணங்களுள் முதலாவது அதன் மொழி. சேரியின் பேச்சு வழக்கிலேயே நூல் முழுவதும் நடக்கிறது, இலக்கண நடை இல்லை, கொச்சை என்கிறார்கள். இதற்கு விடை தேட நான் வெகுதொலைவு போகவில்லை, அவிலா வரை போனால் போதுமானதாக இருந்தது.

புனித அவிலா தெரேசா பல்கலைக்கழகம் கண்டவர் அல்லர், இலத்தீன் அறியாதவர். ஸ்பெயினில் 1559இல் விசாரணை மன்றத் தலைவர் வால்தேஸ் வெளியிட்ட தடைப்பட்டியலில் மக்கள் மொழியில் இருந்த ஆன்மீக நூல்கள் பல அடங்கின. தெரேசா விரும்பிப் படித்தவை அவர் கையைவிட்டுப் போயின. பின்னர் ஒப்புரவுக் குருக்களின் கட்டளைப்படி அவர் தம் வாழ்வை எழுதியபோது, வீட்டிலும் சமையற்கட்டிலும் பேசும் காஸ்தீலிய மொழியில்தான் எழுதினார். வாக்கியம் பாதியில் திரும்பும். சொன்னதையே மறந்து மீண்டும் சொல்வார். அந்தக் கையெழுத்துப் பிரதி 1575இல் விசாரணை மன்றத்தின் கைக்குப் போனது. 1582இல் அவர் இறந்தபோதும் அது வெளிவரவில்லை; 1588இல்தான் அச்சேறியது. அவரை மறைவல்லுநராக அறிவிக்கக் கர்மேல் சபையார் 1923இல் விண்ணப்பித்தபோது, பெண் என்பதே தடை என்ற பதில் உரோமையிலிருந்து வந்தது. அந்தத் தடை நீங்கி, 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரையும் சியன்னா கத்தரீனையும் மறைவல்லுநர்களாக அறிவித்தார். ஒரு பெண்ணின் எழுத்து நம் சபையில் தனக்குரிய அலமாரிக்கு வந்து சேர ஏறத்தாழ நானூறு ஆண்டுகள்!

நம் வீடுகளில் அன்போடு படிக்கப்படும் குழந்தை தெரேசாவின் தன்வரலாற்றுக்கும் ஒரு கதை உண்டு. அவர் இறந்த மறு ஆண்டு, 1898இல் அது அச்சானபோது, அவருடைய உடன்பிறந்த சகோதரியே பல இடங்களைத் திருத்தி, மென்மையாக்கி வெளியிட்டார். அவர் எழுதியது எழுதியபடியே உலகிற்குக் கிடைத்தது 1956இல்தான். எனவே பாமாவின் நூல் எவராலும் மொழுகப்படாமல், அவர் பாட்டி பேசிய மொழியிலேயே நம் கைக்கு வந்திருப்பதை நான் ஒரு பேறாகவே கருதுகிறேன். மேலும், அந்த மொழியில் எழுதியதால் மட்டுமே சில காட்சிகள் நம் முன் நிற்கின்றன. பாட்டி வேலைசெய்யும் வீட்டில், மேலே உயரத்திலிருந்து ஊற்றப்படும் தண்ணீரைக் குனிந்து கையேந்திக் குடிக்கும் காட்சியைத் தூய தமிழில் எழுதிப் பாருங்கள். அது ஒரு செய்திக் குறிப்பாகிவிடும்.

தலைப்பைப் பற்றியும் ஒரு சொல். கருக்கு என்பது பனைமட்டையின் இருபுறமும் ரம்பம் போல் நிற்கும் கூர்முனை. விறகு பொறுக்கும் சிறுமியின் தோலைக் கிழிப்பது. ஆசிரியர் தம் முன்னுரையில் எபிரேயர் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில் வரும் இருமுனை வாளை நினைவூட்டுகிறார். அவ்விடத்தில் சீர்திருத்த சபையாரின் பழைய தமிழ் வேதாகமம் வாளின் கூர்மைக்குக் ‘கருக்கு’ என்ற சொல்லையே ஆள்கிறது என்பதை வாசகர்கள் எடுத்துப் பார்க்கலாம். நமது 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் அச்சொல் இல்லாமற் போனது ஒரு சிறு இழப்பே. காட்டில் விறகு பொறுக்கியவரும் கோவிலில் வாசகம் கேட்டவரும் ஒருவராக இருந்ததால்தான் இந்தத் தலைப்பு வாய்த்தது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

புனித அகுஸ்தினாரின் ‘ஒப்புதல்கள்’ நூலின் இரண்டாம் பகுதியில் வரும் பேரிக்காய்த் திருட்டை அறியாத குருமட மாணவன் இல்லை. பதினாறு வயதில் நண்பர்களோடு சேர்ந்து அயலாரின் மரத்தை உலுக்கிக் காய்களைத் திருடுகிறார். பசியால் அன்று, திருட்டின் இன்பத்துக்காக. காய்களைப் பன்றிகளுக்கு எறிகிறார்கள். அந்தச் சிறு நிகழ்ச்சியிலிருந்து பாவத்தின் ஆழம் முழுவதையும் அவர் அகழ்ந்து காட்டுகிறார். மேற்குலகின் தன்வரலாற்று இலக்கியம் அங்கே வேர்கொண்டது என்பார்கள்.

‘கருக்கி’லும் ஒரு மரம் வருகிறது. பள்ளியில் பிள்ளைகள் வளைந்த தென்னையில் ஓடி ஏறி விளையாடுகிறார்கள். இந்தச் சிறுமி ஏறியபோது ஒரு பச்சைத் தேங்காய் விழுகிறது. அதை எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். மறுநாள் அவள் திருடி என்று அனைவர் முன்னிலையிலும் பழி சுமத்தப்படுகிறாள்; வகுப்புக்குள் விடப்படவில்லை. அழுதுகொண்டே பங்குக் குருவிடம் போகிறாள். அவரும் முதலில், சேரிப்பிள்ளைதானே, செய்திருப்பாய் என்ற தொனியில்தான் பேசுகிறார்.

இந்த இரண்டு மரங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் ‘கருக்கு’ எந்த வகை நூல் என்பது எனக்கு விளங்கியது. அகுஸ்தினார் திருடினார், எவரும் குற்றம் சாட்டவில்லை, தாமே முன்வந்து அறிக்கையிடுகிறார். இச்சிறுமி திருடவில்லை, அனைவரும் குற்றம் சாட்டுகிறார்கள், அவளுக்கு அறிக்கையிட ஒன்றும் இல்லை. நமது ஒப்புதல் இலக்கியம் முழுவதும் பாவம் செய்தவரின் குரலில் அமைந்தது. செய்தவர் உண்டு, கேட்கும் கடவுள் உண்டு, நடுவில் குரு உண்டு. பாவத்துக்கு உள்ளானவர் அந்த அமைப்பில் எங்கே? தோட்டத்துக்குரியவரின் பெயர்கூட அகுஸ்தினாரின் நூலில் இல்லை. ‘கருக்கு’ அந்த வெற்றிடத்திலிருந்து பேசுகிறது. இதுவும் ஒப்புதல் நூலே, ஆனால் மறுபக்கத்திலிருந்து. அதனால்தான் அதைப் படிக்கும் குருவுக்கு இருக்கை கொள்ளாமற் போகிறது. காது கொடுக்கும் இடத்தில் அமர்ந்து பழகிய நாம் அங்கே குற்றம் செய்தவரின் இடத்தில் நிற்கிறோம்.

சொன்னதையே திரும்பச் சொல்கிறார், நிகழ்ச்சிகள் காலவரிசையில் இல்லை என்ற குறையும் இவ்வாறு நோக்கினால் நீங்கிவிடும். ஊரைப் பற்றி ஒரு முறை, படிப்பைப் பற்றி ஒரு முறை, கோவிலைப் பற்றி ஒரு முறை என்று ஒவ்வோர் இயலும் சிறுவயதிலிருந்து மீண்டும் தொடங்குகிறது. நீண்ட காலத்துக்குப் பின் ஒப்புரவுக்கு வருபவர் இப்படித்தான் பேசுவார் என்பது என் அனுபவம். ஒன்றைச் சொல்லி முடித்து எழுந்துவிடுவார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, “இன்னொன்றும் இருக்கிறது சாமி” என்பார்.

நூலில் என்னை மிகவும் கட்டிப்போட்ட பகுதி கல்லறை நிலம் தொடர்பாக மற்றொரு சாதியாரோடு எழுந்த மோதலைச் சொல்வது. காவல்துறை சேரிக்குள் நுழைகிறது. ஆண்கள் ஓடி ஒளிகிறார்கள், பிடிபட்டோர் அடிபடுகிறார்கள். ஊரைப் பெண்கள் தாங்குகிறார்கள். அந்த நாள்களில் ஒரு சிறுவன் இறந்துபோகிறான். மறைந்திருக்கும் தந்தை மகன் முகத்தைப் பார்க்க வேண்டும். பெண்கள் அவருக்குச் சேலை கட்டி, தங்களுள் ஒருவராக நடுவில் நடத்திக் கூட்டிவருகிறார்கள். சீடர்கள் சிதறி ஓடியபின் பெண்கள் மட்டும் கல்லறைக்குப் போன கதையை ஆண்டுதோறும் பாஸ்காத் திருவிழிப்பில் வாசிக்கிறோம். அந்த வாசகத்தை நான் இன்று இந்தப் பக்கங்களின் நினைவில்லாமல் வாசிப்பதில்லை. ஆசிரியர் இங்கே விவிலியத்தைச் சுட்டவே இல்லை; சுட்டாததே நல்லது.

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுப் போவது திறனாய்வு ஆகாது. மடத்து வாழ்வைச் சொல்லும் பகுதிகள், கலை நோக்கில், ஊரைச் சொல்லும் பகுதிகளுக்கு ஈடாக இல்லை. ஊர்ப்பகுதியில் ஒவ்வொருவருக்கும் பட்டப்பெயர் உண்டு, முகம் உண்டு, சிரிப்பு உண்டு. மடத்துக்குள் நுழைந்ததும் முகங்கள் மறைந்து ‘அவர்கள்’ என்ற ஒரே சொல் நிற்கிறது; காட்சி குறைந்து வாதம் மிகுகிறது. ஏழைகளுக்கென்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் வசதியுள்ளோரின் பள்ளிகளையே நடத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. தலித் பெண்களைச் சேர்க்கத் தயங்கிய சபைகளைப் பற்றி அவர் கேட்டறிந்ததாகச் சொல்வதையும் மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆயினும் தொழுநோயாளர் இல்லங்களிலும் மலைக்கிராமங்களிலும் தேய்ந்துபோன சகோதரிகளை நான் அறிவேன். அவர்களுள் ஒருத்தியின் முகமேனும் அந்தப் பக்கங்களில் இருந்திருந்தால் குற்றச்சாட்டின் எடை கூடியிருக்குமே தவிரக் குறைந்திராது. ‘வன்மம்’ நாவலிலும் இந்தக் குறை எனக்குத் தென்பட்டது. கருத்து முன்னே நடக்க, மாந்தர் பின்னே வருகிறார்கள்.

‘சங்கதி’ அப்படியன்று. நூல்களுள் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. அதில் கதைத் தலைவி என்று ஒருத்தி இல்லை. சேரிப் பெண்கள் அனைவரும் பேசுகிறார்கள். வெள்ளையம்மாப் பாட்டி, தன்மேல் கைவைக்க வந்தவனிடமிருந்து தப்பி ஓடியதற்காகவே ஊர்ப் பஞ்சாயத்தில் பழி சுமக்கும் மாரியம்மா, விளையாடும் வயதில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகும் மைக்கண்ணி. ஏச்சும் பாட்டும் கேலியுமாக அவர்கள் வாழ்வை எதிர்கொள்கிற வீம்பு வேறெந்தத் தமிழ் நூலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்நூலில் ஓர் இடம் குருக்களாகிய எங்களுக்கு நேராக எழுதப்பட்டது போலிருக்கும். அடிக்கும் கணவனை விட்டு விலகும் வழி, மதம் மாறாத தங்கள் உறவுப் பெண்களுக்கு ஊர் வழக்கத்தில் இருந்தது. கிறிஸ்தவப் பெண்களுக்கோ, கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கலாகாது என்ற வாக்கைச் சொல்லி அது அடைக்கப்பட்டுவிட்டது என்கிறார். திருமணத்தின் முறிவுபடாத் தன்மை பற்றிய நம் போதனையை நான் முழுமனத்தோடு ஏற்பவன். ஆயினும் திருச்சபைச் சட்டம் தகுந்த காரணமுள்ளபோது தம்பதியர் பிரிந்து வாழ இடம் தருகிறது. உடலுக்கோ ஆன்மாவுக்கோ பேரிடர் விளைவிக்கும் துணையைவிட்டு விலகலாம் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1153ஆம் விதி சொல்கிறது. இதை எத்தனைப் பெண்களுக்கு நாம் எடுத்துச் சொன்னோம்? பொறுத்துக்கொள் அம்மா என்பதைத்தான் சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

இவை பழைய கதை, இப்போது நிலைமை மாறிவிட்டது என்று நண்பர் ஒருவர் சொன்னார். மாறியவை உண்டு. 2003இல் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதி வேற்றுமை திருச்சபையின் பணிக்கே ஊறு என்று வெளிப்படையாகக் கூறினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்கள் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. நமக்குள்ளேயே தீண்டாமை உண்டு என்பதை அது மறைக்கவில்லை. அரசின் 1950ஆம் ஆண்டு ஆணை, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தபின்னும், கிறிஸ்தவத் தலித்துகளைப் பட்டியலினத்துக்கு வெளியே நிறுத்தியே வைத்திருக்கிறது. அதற்காக நாம் ஊர்வலம் போகிறோம், போகத்தான் வேண்டும். ஆனால் ஊர்வலத்தில் முழங்கும் நீதியை நம் கல்லறைத் தோட்டத்தில் கேட்ட ஒரு பெண்ணின் நூலை மட்டும் எவரும் மறையுரையில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. நானே 2019வரை குறிப்பிட்டதில்லை.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரத்தில், நூலகத்தில் ‘கருக்கை’ எடுத்து ஆன்மீக அலமாரியில், அகுஸ்தினாருக்கும் குழந்தை தெரேசாவுக்கும் இடையே வைத்தேன். இளையோர் சிரித்தார்கள்; ஒருவன் மட்டும் ஏன் என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதில்தான் இங்கே கட்டுரையாக நீண்டிருக்கிறது.

அதன்பின் எங்கள் அன்பியக் கூட்டம் ஒன்றில் தேங்காய் நிகழ்ச்சி வரும் பக்கங்களை அந்தப் பெண்ணையே வாசிக்கச் சொன்னேன். பேச்சுமொழியில் ஒரு நூலைக் கேட்டு முதலில் நகைத்தார்கள், பின் அமைதியானார்கள். தெற்குத் தெருவிலிருந்து வரும், எழுபது கடந்த ஓர் அம்மா கடைசிவரை எதுவும் பேசவில்லை. கூட்டம் கலையும்போது என்னிடம் வந்து, “அந்தச் சாமி பெறகு அந்தப் பிள்ளகிட்ட மன்னிப்புக் கேட்டாராய்யா?” என்றார்.

நூலில் அப்படி எதுவும் இல்லை அம்மா என்றேன்.